மருந்து அடிக்கலாமா, கையால் பிடுங்கலாமா? வீட்டுத் தோட்டத்துக் களைக் கணக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர் பழைய கடைத்தெருவில் உரம், விதை, மண்வெட்டி எல்லாம் விற்கும் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் உள்ளே வந்து, "தவுக்கே, ராச்சூன் ரும்புட் அடா?" என்று மலாயில் கேட்டார். கடை முதலாளியிடம் களைக்கொல்லி இருக்கிறதா என்று கேட்கிறார். கல்லாவில் இருந்த முதியவர் தலையை நிமிர்த்தாமலே "ரும்புட் அப்பா?" என்றார். என்ன புல் என்று கேட்கிறார், அப்பாவை விசாரிக்கவில்லை. தம்பிக்குப் பதில் தெரியவில்லை. "சாதாரணப் புல்தான்" என்றார். ஒரு லிட்டர் போத்தல் ஒன்று மேசைக்கு வந்தது, காசு கைமாறியது. வெளியே போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மருந்து வாங்கிட்டேன்கா" என்றார்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது இரண்டும் அந்தக் கடையிலேயே கிடைத்துவிட்டது. ஒன்று, தவுக்கே கேட்ட கேள்வி. என்ன புல் என்று தெரியாமல் மருந்தா கையா என்று முடிவெடுக்க முடியாது. இரண்டாவது, அந்தத் தம்பி தவுக்கேயிடம் கேட்டபோது 'ராச்சூன்' என்றார். மலாயில் அதற்கு விஷம் என்று பொருள். என்னிடம் திரும்பியதும் அதுவே மருந்தாகிவிட்டது.

அவரைக் குறை சொல்லவில்லை. தோட்டத்துத் தமிழில், அதாவது பால்மர (ரப்பர்), செம்பனை எஸ்டேட்டுகளில் வேலை செய்தவர்களின் தமிழில், அது எப்போதும் மருந்துதான். என் அம்மா பல வருடம் செய்தது 'மருந்தடிக்கிற வேலை'. முதுகில் பம்பு, நிரப்பினால் பதினாறு லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே பதினாறு கிலோ. விடியற்காலையில் போவார், வெயில் ஏறுவதற்குள் பல முறை நிரப்பிக் காலி செய்வார். வீட்டுக்கு வந்ததும் எங்களைக் கிட்டே சேர்க்க மாட்டார், குளித்த பிறகுதான். மருந்து கலக்கிய கையின் நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, சில நகம் நுனியிலிருந்து உதிரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரிய மனுஷிகளுக்கு நகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். அதற்கு முன்னால் பால்மரத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் என்றால் நம் பழைய பாஷாணம். அது பட்ட புல்லை மேய்ந்து மாடு செத்த கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1960-களில் பாராகுவாட் வந்தபோது அதைவிட இது தேவலை என்றுதான் வரவேற்றார்கள். ஆனால் பாராகுவாட்டை ஒரு மடக்கு விழுங்கினாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை. நுரையீரலைக் கெட்டியாக்கிவிடும், மாற்று மருந்தும் கிடையாது. தோட்டத்தில் அதைத் தெளித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் உடல்நிலையைப் பற்றித் தெனாகனிதா போன்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்புகள் பல வருடம் பேசின. 2002-ல் அரசாங்கம் தடை என்றது, 2006-ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் முழுத் தடை வந்தது. உங்கள் வீட்டு ஸ்டோரில் பழைய போத்தல் ஏதும் கிடந்தால் அதை அடித்துத் தீர்க்க நினைக்காதீர்கள், லொங்காங்கிலும் (சாக்கடையிலும்) ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்துவிட்டு, விவசாய இலாகாவில் என்ன செய்வது என்று கேளுங்கள்.

தோட்டத்துக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

தோட்டம் ஏன் மருந்தை விரும்பியது? கூலிதான் காரணம். நூற்றுக்கணக்கான ஏக்கரைச் சங்குலால் (மண்வெட்டியால்) கொத்த எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால் பம்பு ஜெயிக்கும். அந்தக் கணக்கு தோட்டத்துக்குச் சரி.

லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமானுக்கு வந்தபோது பானை சட்டியோடு அந்தக் கணக்கையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. இருபதுக்கு எழுபது தாமான் வீட்டில் வீடும் கார் நிற்கும் சிமெண்டுத் தரையும் போக மண் எவ்வளவு மிஞ்சும்? மூலை வீடு என்று தாராளமாகவே வைத்து, இருபதுக்கு இருபது என்று கொள்வோம். 400 சதுர அடி. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இந்த இடத்துக்கு நாம் யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் தோட்டத்தில் இல்லாத சிலவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் மருந்து கொஞ்சம் சிதறினால் மரம் கண்டுகொள்ளாது. இங்கே இரண்டடி தள்ளிக் கறிவேப்பிலைக் கன்று, அதற்கு அந்தப் பக்கம் மிளகாய், வேலியில் பாகல், கீழே கோழி, நடுவில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளை.

அதனால் என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கைதான் முதல். மருந்துக்கும் இடம் உண்டு, ஆனால் அது சின்ன இடம். அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் தவுக்கேயின் கேள்விக்குத் திரும்ப வேண்டும்.

என்ன புல்?

செடியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. அது தன் முதலை (மூலதனத்தை) எங்கே போட்டு வைத்திருக்கிறது என்று பாருங்கள், போதும்.

சில களைகளுக்கு விதை மட்டுமே முதல். குப்பைமேனி, கீழாநெல்லி, குப்பைக்கீரை எல்லாம் இந்த ரகம். பூந்தொட்டியில் தானாக வரும் கீழாநெல்லியைத் திருப்பிப் பாருங்கள், இலைக்காம்புக்கு அடியில் கடுகு போலக் காய் வரிசையாகத் தொங்கும். பழுத்தால் வெடித்துப் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். இவற்றைப் பூக்கும் முன்னால் பிடுங்கினால் அந்தச் செடியின் கதை அதோடு முடிந்தது. மருந்தே வேண்டாம். காய் விட்ட பிறகு மருந்து அடித்தால் செடி சாகும், விதை தப்பித்துவிடும். செடி காய்ந்து கருகியதைப் பார்த்து நாம்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வோம்.

சில களைகள் மண்ணுக்குள் முதலைப் புதைத்து வைத்திருக்கும். கோரை, லாலாங், அருகம்புல். கையால் பிடுங்குபவர்கள் தோற்பது இவற்றிடம்தான்.

கோரையை ஒரு தடவையாவது பொறுமையாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். இலையைப் பிடித்து இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், கையில் வெள்ளைத் தண்டோடு இலை வந்துவிடும். கீழே ஏதோ அறுந்தது என்று விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் சின்ன முள்கரண்டியை விட்டு நெம்புங்கள். புளியங்கொட்டை அளவில், கறுப்பாக, மேலே முடி முளைத்த மாதிரி ஒரு கிழங்கு கிடைக்கும். நசுக்கினால் சாம்பிராணி மாதிரி வாசம் வரும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது இதைத்தான், வாசனைப் பொடியிலும் சேர்ப்பார்கள். அதோடு முடியவில்லை. அந்தக் கிழங்கிலிருந்து கம்பி போல ஒரு வேர் பக்கவாட்டில் ஓடும், அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. நீங்கள் இலையைப் பறித்ததும் அடுத்த கிழங்குக்கு முளைக்கும் முறை வருகிறது. அதனால்தான் 'பிடுங்கப் பிடுங்கக் கூடுது' என்று சலித்துக்கொள்கிறோம்.

இதற்கு மருந்தடித்தால் தீருமா? ஓரளவுக்குத்தான். இலையில் பட்ட மருந்து அந்த இலையோடு சேர்ந்த கிழங்குக்குப் போகும், இலை விடாமல் உறங்கும் கிழங்குக்குப் போகாது. கையால் செய்பவருக்கும் மருந்தடிப்பவருக்கும் இங்கே ஒரே விதிதான்: விடாமல் திரும்பத் திரும்ப. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இலை சமைத்ததைக் கிழங்குக்கு அனுப்பி வைக்கும் முன்பாக வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கின் கையிருப்பு கரையும். பல மாதம் ஆகும். ஒரே வாரத்தில் கோரையை ஒழித்தேன் என்று யாராவது சொன்னால் இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

லாலாங்கும் இதே குணம்தான். ஊரில் சடங்குக்கு எடுக்கும் தருப்பை வகைகளில் இதுவும் ஒன்று. மண்ணுக்குள் வெள்ளையாக, கணுக்கணுவாக, ஊசி முனையோடு ஓடும். சங்குலால் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும், நாமே நாற்று விட்ட மாதிரி. ஆனால் லாலாங்குக்கு ஒரு பலவீனம் உண்டு. நிழல் ஆகாது. இதைத் தோட்டங்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தன. இளம் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் பியுராரியா, கலோபோகோனியம் போன்ற பயறு வகைக் கொடிகளைப் படர விடுவார்கள். கொடி தரையை மூடிப் புல்லை அமுக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். அதற்கும் முந்திய காலத்தில் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுரண்டி வைத்தார்கள், மழையில் மேல்மண் கரைந்து ஓடியது. பட்டுத்தான் கொடிக்கு வந்தார்கள். நம் வீட்டில் சர்க்கரைவள்ளியைப் படர விட்டாலும் அதே வேலையைச் செய்யும், கூடவே கீரையும் கிழங்கும் கிடைக்கும்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

களைக்கொல்லிகளை மூன்றாகப் புரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

பட்ட இடத்தை மட்டும் கருக்குவது ஒரு வகை. பாராகுவாட் அப்படித்தான். இப்போது அதன் இடத்தில் பலர் அடிக்கும் குளுபோசினேட்டும் பெரும்பாலும் இந்த ரகமே. சில நாளில் இலை கருகிவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் கோரைக் கிழங்குக்கும் லாலாங் வேருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இலையில் பட்டு உள்ளே இறங்கி வேர்வரை போவது இரண்டாவது. கிளைபோசேட் இதுதான், 1974-ல் சந்தைக்கு வந்தது. செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தானே சமைத்துக்கொள்கிறது. அந்தச் சமையலுக்கு வேண்டிய ஒரு நொதியைக் கிளைபோசேட் அடைத்துவிடும். செடி பட்டினியால் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி என்பதால் நாள் பிடிக்கும். பழுக்க ஒரு வாரம், சாக இரண்டு வாரம்கூட ஆகலாம். இது தெரியாமல் மூன்றாம் நாளே 'வேலை செய்யல' என்று இரண்டு மடங்கு கலந்து மறுபடியும் அடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அடித்து ஆறு மணி நேரமாவது மழை படக்கூடாது. பேராக்கில் மத்தியானம் வரை வெயில் கொளுத்திவிட்டு நாலு மணிக்கு இடி இடிக்கும். பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டுச் சாவகாசமாக ஆரம்பித்தால் காசு லொங்காங்கில் போகும். அப்புறம், சேற்றுத் தண்ணீரில் கலக்கக்கூடாது. கிளைபோசேட் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும்.

மூன்றாவது, ஆள் பார்த்துக் கொல்வது. 2,4-டி அகன்ற இலைச் செடியைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். புல்தரை வைத்திருப்பவர்கள் விரும்புவார்கள். ஆனால் மிளகாய், தக்காளி, பப்பாளி, வெண்டை என்று நாம் ஆசையாக வளர்ப்பதில் பெரும்பகுதி அகன்ற இலைதானே?

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் பம்பு இரவல் வாங்கி, தண்ணீர் விட்டு ஒரு முறை அலசிவிட்டு, மிளகாய்க்கு மீன் அமிலம் தெளித்தேன். ஒரு வாரத்தில் துளிர் எல்லாம் ஒடுங்கி, நரம்பு புடைத்து, முறுக்கிய கயிறு மாதிரி வந்தது. சுருட்டை நோய் என்று நினைத்துப் பூச்சிமருந்து, வேப்பெண்ணெய் என்று செலவழித்தேன். அம்மாதான் பார்த்துவிட்டு, "பம்புல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். விசாரித்தால், போன மாதம் அண்ணன் அதில் 2,4-டி அடித்திருக்கிறார். அது செடியின் வளர்ச்சிச் சுரப்பு மாதிரி நடித்துச் செடியை ஏமாற்றும் சரக்கு. குழாய்க்குள்ளும் ரப்பர் வளையத்திலும் ஒட்டிய மிச்சம் போதும். எட்டுச் செடியில் இரண்டுதான் தேறியது. அன்றிலிருந்து செடிக்கு ஒரு தெளிப்பான், மறந்தும் அதில் களைமருந்து கிடையாது.

அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நடைபாதை ஓரத்தில், கால் மிதித்தாலும் சாகாமல், கைவிரல் விரித்த மாதிரி கதிர் விடும் புல் ஒன்று உண்டு. மலாயில் சம்பாவ் என்பார்கள். கதிரைப் பார்த்தாலே தெரியும், நம் கேழ்வரகின் காட்டுச் சொந்தம். 1990-களின் பிற்பகுதியில் தெலுக் இந்தான் பக்கம் கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் புல்லைக் கண்டுபிடித்தார்கள். (பெரியவர்களுக்கு அது இன்னும் தெலுக் ஆன்சன்தான்.) அந்தப் புல்லில் கிளைபோசேட்டுக்குச் சாகாத இரகம் தோன்றியது உலகத்துக்கு முதலில் தெரியவந்தது மலேசியாவில்தான். வருடத்துக்குப் பல முறை அதே மருந்து, அதே இடம். ஆயிரத்தில் ஒன்று தப்பிக்கும், தப்பித்தது மட்டும் விதை போடும். உங்கள் வாசலில் மருந்தடித்த பிறகும் இந்தப் புல் மட்டும் பச்சையாக நின்றால் கூடுதலாகக் கலக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் அடியில் பாராங் (வெட்டுக்கத்தி) நுனியை விட்டு நெம்பி எடுங்கள். விதைதான் அதற்கும் முதல்.

உடம்புக்குக் கெடுதலா?

கிளைபோசேட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது' என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, முறைப்படி பயன்படுத்தினால் அப்படி ஆகும் சாத்தியம் குறைவு என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இன்னும் பத்து வருடத்துக்கு அனுமதி கொடுத்தது. ஏன் இந்த முரண்பாடு? முதலாவது முகமை பார்ப்பது, இந்தப் பொருளால் கெடுதல் வரக்கூடுமா என்பதை மட்டும். மற்றவை பார்ப்பது, நாம் பயன்படுத்தும் அளவில் எவ்வளவு வரும் என்பதை. பாம்புக்கு விஷம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது நம் வீட்டுக்குள் வருமா என்பது வேறு கேள்வி.

என்னைக் கேட்டால் வீட்டில் பயப்பட வேண்டியது வேறு. கலக்காத மருந்து கையிலும் கண்ணிலும் படுவது. மிச்சத்தைத் தண்ணீர் போத்தலில் ஊற்றிச் சமையலறைப் பக்கம் வைப்பது. கலக்கிய வாளியில் அப்புறம் துணி ஊறவைப்பது. சில கிளைபோசேட் சரக்கில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருள் மீனுக்கும் தவளைக்கும் கிளைபோசேட்டைவிட அதிகக் கெடுதல். நம் லொங்காங் எல்லாம் ஆற்றுக்குத்தானே போகிறது.

கைக்கும் ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈர மண்ணில் எலி மூத்திரம் கலந்திருந்தால் கைக் கீறல் வழியாக எலிக்காய்ச்சல் வரலாம், ஆகவே ரப்பர் கையுறை கட்டாயம். புதர் மண்டிய மூலையில் கை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், நல்ல பாம்பு நம்மைவிடப் பழைய குடி. குனிந்தே செய்தால் முதுகு போய்விடும். சின்ன முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து செய்யுங்கள்.

கையால் செய்வது எப்படி

மழை பெய்த மறுநாள் காலை அரைமணி நேரம். காய்ந்த மண்ணில் ஒரு மணி நேரம் போராடுவதைவிட இது மேல். சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒரேயடியாக முடிப்பேன் என்று ஆரம்பித்தவர்கள்தான் மூன்றாவது வாரம் மருந்துக் கடைக்குப் போவார்கள். தினம் பத்து நிமிடம், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் பட்டதைப் பிடுங்கினால் போதும்.

மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள். பழைய விதைகள் ஆழத்தில் உறங்கிக்கொண்டிருக்கும், பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால்தான் விழிப்பு. 'சுத்தமா கொத்தி விட்டேன், பத்து நாள்ல முன்னைவிட அதிகமா வந்துடுச்சு' என்றால் காரணம் இதுதான். மேலாக, ஒரு விரல்கடை ஆழத்துக்குச் சுரண்டினால் போதும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடியும் முளைக்கும், மூடி வையுங்கள். சாமான் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒட்டுத்தாளை உரித்து, நனைத்து விரித்து, அதன்மேல் காய்ந்த இலையும் தேங்காய் நாரும் நாலு விரல் கனத்துக்கு. செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். நார் போடலாம், சிரட்டையைக் கவிழ்க்காமல் போட வேண்டாம். மழைத் தண்ணீர் நின்று ஏடிஸ் கொசு வரும், களைக்குப் பயந்து டெங்கியை வாங்கிக்கொள்வோம்.

புல்வெட்டி மிஷின் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நைலான் கயிறு மரத்தடியில் சுற்றிச் சுற்றிப் பட்டால் பட்டை உரிந்து, மா மரம்கூட மெல்லக் காய்ந்துவிடும். மரத்தைச் சுற்றி ஒரு முழம் கையால் எடுத்துவிட்டு மற்றதை மிஷினுக்கு விடுங்கள். சிமெண்டு இடுக்கில் வரும் புல்லுக்குச் சோறு வடித்த கொதிநீர் போதும், காலைப் பார்த்து ஊற்றுங்கள். வினிகர் இளம் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த மண்ணில் அப்புறம் நீங்கள் விரும்பியதும் வளராது.

சரி, மருந்து எப்போது?

நான் ஒத்துக்கொள்ளும் இடம் இரண்டு. நிழல் கட்ட வழியில்லாத, வெயில் அடிக்கும் பெரிய லாலாங் திட்டு. சுவரோரத்திலோ கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்திலோ வெட்ட வெட்டத் துளிர்க்கும் முரட்டு மரக்கட்டை. இரண்டுக்கும் வேருக்கு இறங்கும் மருந்து வேண்டும், கருக்குவது பயன்படாது.

அப்போதும் தெளிப்பதைவிடப் பூசுவது நல்லது. கட்டையை அறுத்த சூட்டோடு, வெட்டுவாயில் பழைய பெயிண்டு பிரஷ்ஷால் தடவுங்கள். பத்து நிமிடம் தாமதித்தாலே உள்ளே இறங்குவது குறைந்துவிடும். லாலாங்குக்கு, இலை நன்றாக வளர்ந்து பச்சையாக இருக்கும்போது கலக்கிய மருந்தில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து இலையில் இழுத்துவிடலாம், நீளக் கையுறையோடு. காற்றில் பறக்காது, கறிவேப்பிலை தப்பிக்கும். வாழைப் பக்கக்கன்று, பப்பாளியின் பச்சைத் தண்டு இவற்றில் பட்டால் மரத்துக்கே கேடு.

வாங்கும்போது பெயர் அச்சடித்த போத்தலாக, எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு செய்த சரக்குக்குத்தான் அது இருக்கும். மேலே பெயர் இல்லாமல் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். லேபிளில் சொன்ன அளவே அளவு. கூட ஊற்றினால் இலை சீக்கிரம் கருகி, வேருக்குப் போகும் வழி அடைபட்டும் போகலாம். அடித்த இடத்துப் புல்லை ஆட்டுக்கோ முயலுக்கோ போடக்கூடாது.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அம்மாவோடு அவர் வீட்டு வழியாகப் போனோம். போத்தல் பிரிக்காமலே ஜன்னல் திண்டில் இருந்தது. தினமும் சாயங்காலம் மழை, அடிக்க நேரமே கிடைக்கவில்லையாம். "முதல்ல அத மேல தூக்கி வை தம்பி, புள்ள இருக்கிற வீடு" என்றார் அம்மா. அப்புறம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்த்தார். முக்கால்வாசி கோரை. நடுவில், ஈரம் தேங்கும் இடத்தில், பொன்னாங்கண்ணி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது.

"இங்க மருந்து அடிச்சியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அக்கம்பக்கம்?"

அவர் யோசித்துவிட்டு அதுவும் இல்லை என்றார். அம்மா புடவைத் தலைப்பை மடித்துப் பிடித்துக்கொண்டு கீரையை நுனி பார்த்துக் கிள்ள ஆரம்பித்தார்.